பானை ஆபீசில் ஒரு வரி

உத்திரமேரூரில் ஒரு புரோகிராமின் ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்றால் முதலில் பானையைக் கழுவ வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே பிரிஸ்கில்லாவிடம் இதைச் சொல்லிவிட்டார்கள். வேடிக்கைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து அவள் சிரித்தாள். அந்தக் கூடத்தில் சிரித்தது அவள் ஒருத்திதான்.

வந்தவாசி சாலையில் முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டடம் அது. கம்பெனியின் நீளமான ஆங்கிலப் பெயர் வாசலில் பித்தளை எழுத்துகளில் மின்னியது. ஊரில் அதை யாரும் படித்ததில்லை. பானை ஆபீஸ் என்று சொன்னால் ஷேர் ஆட்டோ சரியாக வாசலில் நிற்கும். பந்தி போட்ட நீள மேசைகள் அப்படியே இருந்தன. இலை விரித்த இடத்தில் லேப்டாப்புகள் விரிந்திருந்தன. மணமேடையும் அதன்மேல் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் சிவப்பு வெல்வெட் சோபாவும்கூட இருந்தன. அந்த சோபாவில் மேனேஜர் வேங்கடவரதன் தனியாக உட்காருவார்.

கிராமத்துக்குத் தொழில்நுட்பத்தைக் கொண்டுபோகும் திட்டத்தில் சென்னையிலிருந்து வந்தவர் அவர். வந்த புதிதில் யாரோ அவரை ஊர் நடுவில் இருக்கும் கோயிலுக்கு அழைத்துப்போய், குடவோலைத் தேர்தலைப் பற்றிய கல்வெட்டைக் காட்டிவிட்டார்கள். போகும்போது சாதாரண மேனேஜராகப் போனவர், திரும்பும்போது சோழர் காலத்திலிருந்து திரும்பினார்.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இந்த ஊர்ல ரிவ்யூ இருந்திருக்கு. நாம அதை மறந்துட்டு வெள்ளைக்காரன் சொன்ன மாதிரி ரிவ்யூ பண்ணிக்கிட்டிருக்கோம்" என்றார்.

அந்த வாரத்திலிருந்து, ரிவ்யூவுக்கு, அதாவது எழுதிய புரோகிராமைச் சரிபார்க்கும் வேலைக்கு, ஆட்களைப் பானையிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். ஓலை நறுக்கில் பெயர் எழுதிப் பானையில் போட்டுக் குலுக்குவார்கள். வெளியே வரும் பெயர்கள் வாரியம் ஆகும். திரையில் தெரிவதைப் பார்க்க ஒரு வாரியம், பாஸ்வேர்டுகளைக் காக்க ஒரு வாரியம். மெமரி சம்பந்தப்பட்டதெல்லாம் ஏரி வாரியத்துக்குப் போனது. எல்லோரும் அதிலிருந்துதான் மொண்டுகொள்கிறார்கள் என்பது காரணம்.

உறுப்பினர் ஆவதற்குத் தகுதிகளும் கல்வெட்டிலிருந்தே வந்தன. சொந்த நிலம் இருக்க வேண்டும் என்று கல்வெட்டு சொன்னது. கம்பெனியில் அது சொந்தமாக எழுதிய புரோகிராம் ஃபைல் ஆனது. வேதம் அறிந்திருக்க வேண்டும் என்பதைப் பற்றி மேனேஜர் நெடுநேரம் யோசித்து, சென்னையில் அவரே நடத்திய பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுக்க வேண்டும் என்றும் இருந்தது. ஆள் எடுப்பு, நீக்கம், பிறந்தநாள் கேக் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்ட தமிழ்ச்செல்வி மேடம், சிறுவனை அலுவலக வேலைக்கு வைப்பது சட்டப்படி தப்பு என்றார். மேனேஜர் சபை என்று பேர் வைத்திருந்த ஆபீஸ் கூட்டம் இதை ஆலோசித்தது. ஒன்றும் அறியாமல் இருப்பதுதான் முக்கியம், சிறுவனாக இருப்பது முக்கியமில்லை என்று தீர்மானித்தது. அன்றிலிருந்து ஓலையை வேங்கடவரதனே எடுத்தார்.

சிக்கல் வேறு ஒரு விதியில் வந்தது. ஒருமுறை வாரியத்தில் இருந்தவர் கொஞ்ச காலத்துக்கு மறுபடி வரக்கூடாது; அவருடைய உறவினரும் வரக்கூடாது. ஆபீசில் உறவினர் என்றால் யார் என்ற கேள்வி எழுந்தது. ஒரே டிபன் டப்பாவில் கைவைத்துச் சாப்பிட்டவர்கள் உறவினர் என்று சபை வகுத்தது. சீக்கிரமே ஆபீஸ் முழுவதும் ஒருவருக்கொருவர் உறவாகிவிட்டது. ஏரி வாரியத்துக்கு ஆள் தேடியபோது உறவில் சிக்காமல் மீதியிருந்த ஒரே பெயர் பிரிஸ்கில்லா என்று தெரியவந்தது.

அவள் டப்பாவில் யாரும் கைவைத்ததில்லை. மதியம் அவளுக்குப் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும். அதற்கு யாரும் காரணம் சொன்னதில்லை; அவளும் கேட்டதில்லை. காலனியிலிருந்து இன்ஜினீயரிங் படித்து வந்த முதல் பெண் என்று அவளை அறிமுகப்படுத்திய அன்று எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு டப்பாவைத் தங்கள் பக்கம் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டார்கள்.

"ஆனால் இவங்களுக்கு நிலம் இல்லையே" என்று தமிழ்ச்செல்வி நினைவூட்டினார்.

வேங்கடவரதன் கண்ணை மூடித் திறந்தார். "உட்காரட்டும். பார்க்கட்டும். ஏற்கட்டும். கேள்வி கேட்கிறதுக்குத்தான் நிலம் வேணும். ஏற்கிறதுக்கு எதுக்கு நிலம்?"

பிரிஸ்கில்லாவின் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒரு ரிவ்யூவை முடித்துக் கொடுத்தால் நிரந்தரம் என்று சேரும்போதே சொல்லியிருந்தார்கள். வேலை நிரந்தரமானால் அவள் அம்மா பாக்கியமேரி நாற்று நடப் போவதை நிறுத்திவிடலாம். சேற்றிலேயே நின்று நின்று அம்மாவின் கால் விரல் இடுக்குகள் வெள்ளை வெள்ளையாய்ப் பிளந்திருந்தன. எந்த மருந்துக்கும் அது கேட்கவில்லை. ஆகவே, பானையிலிருந்து தன் பெயர் வந்தபோது பிரிஸ்கில்லா சந்தோஷப்பட்டாள்.

ரிவ்யூவுக்கு வந்தது டிரைவர் என்று சொல்லப்படும் ஒரு புரோகிராம். கிராமத்துத் துணை சுகாதார நிலையங்களில் வைக்கப்போகும் சிறிய பெட்டி ஒன்றுக்குள் அது இருந்தது; நர்ஸ் அந்தப் பெட்டி வழியே டவுனிலிருக்கும் டாக்டரோடு முகம் பார்த்துப் பேசலாம். பெட்டிக்குள் வந்துபோகும் தகவலையெல்லாம் வாங்கிக் கொடுப்பது இந்த டிரைவர்தான். ரிவ்யூவின் தொடக்கத்தில் இதை விளக்கி வேங்கடவரதன் ஒரு உரை ஆற்றினார்.

"கணினியின் நடுவுல இருக்கிற கெர்னல்ங்கிறது கருவறை மாதிரி. எல்லாரும் உள்ள போக முடியாது, போகவும் கூடாது. வழக்கமா டிரைவர்னா உள்ள நின்னு வேலை செய்யும். நம்ம டிரைவரோட பெருமை என்னன்னா, அது வெளியிலேயே நிக்குது. வெளியில நின்னபடியே, எனக்கு இவ்வளவு மெமரி வேணும்னு பணிவா கேக்குது. உள்ளே இருந்து அளந்து குடுக்கிறாங்க. கருவறையோட சுத்தமும் கெடலை, வெளியில நிக்கிறவங்களுக்கும் குறையில்லை. இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்துல எங்க இருக்கு?"

கூடம் கைதட்டியது. பிரிஸ்கில்லா மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் திரையைப் பார்க்கத் தொடங்கினாள்.

ஃபைலைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே அந்த வரி கண்ணில் பட்டது. மெமரியைக் கேட்டு வாங்கும் இடம். வாங்கியாயிற்றா என்று சரிபார்க்கும் வரி. அது தப்பாக இருந்தது. நுணுக்கமான தப்புகூட இல்லை. சோற்றில் கிடக்கும் கல் மாதிரி, யார் பார்த்தாலும் தெரியும். அவள் மறுபடி படித்தாள். தன் கண்தான் தப்போ என்று தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொருமுறை படித்தாள். கல் அங்கேயேதான் இருந்தது.

சாயங்காலம் அம்மா தெருக்குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற?"

"ஒரு தப்பு கண்டுபிடிச்சேன்மா."

"உன்னுதா, அவங்களுதா?"

"அவங்களுது."

"அப்ப வாய மூடிக்கினு இரு."

பிரிஸ்கில்லா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பாக்கியமேரியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "சரி, இன்னா தப்பு? சொல்லித் தொலை."

"நாம மனை கேட்டு மனு குடுக்கறோம்ல. குடுத்தாங்கன்னா மனை நம்பர் போட்டுக் குடுப்பாங்க. குடுக்கலன்னா 'இல்லை'ன்னு ஒரு முத்திரை குத்தி அனுப்புவாங்க. இந்த புரோகிராம் இன்னா பண்ணுதுன்னா, வெறும் காகிதமா வந்தாத்தான் மனை இல்லன்னு நினைக்குது. முத்திரை குத்தி வந்துச்சின்னா, அந்த முத்திரையையே மனை நம்பர்னு எடுத்துக்கினு வூடு கட்டப் போயிடுது."

"போயி?"

"அங்க மனையே இல்லையே. மொத்தமும் வுழுந்துடும்."

பாக்கியமேரி இன்னொரு காலைக் குழாய்க்குக் கீழே நீட்டினாள். "உங்க அப்பனும் அப்பிடித்தான். இல்லைன்னு குத்துன காகிதத்தப் பட்டான்னு நெனச்சிக்கினு சாவுற வரிக்கும் தகரப் பொட்டில வெச்சிக்கினு இருந்தான். அவன் எழுதப் படிக்கத் தெரியாதவன். இவங்களுக்கு இன்னா கேடு?"

அப்பா ஐசக் இறந்தபோது அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்த்தவள் பிரிஸ்கில்லாதான். அதை அம்மாவிடம் சொல்வதற்கு அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது.

மறுநாள் அவள் ஆனந்தனிடம் கேட்டாள். அந்த ஃபைலை அன்றாடம் பார்த்துக்கொள்பவன் அவன்தான்; அதனாலேயே ஏரி வாரியத்துக்கு அவன் பெயர் போகவில்லை. ஊர்க்கோடியில் ஏரிக்கரைக் குடிசைகளிலிருந்து வந்தவன். மதியச் சாப்பாட்டை ஆபீசில் சாப்பிடாமல் எதிர் டீக்கடை பெஞ்சில் சாப்பிடுபவன். ஃபைல் அவன் கையில் இருந்ததே தவிர, அவனுடையது இல்லை. எழுதியவர் ஸ்ரீவத்சன் என்று ஒருவர். அவர் கம்பெனியை விட்டுக் கனடா போய் வெகுகாலம் ஆகியிருந்தது. நிலத்துக்காரர் ஊரைவிட்டுப் போனாலும் நிலம் அவருடையதுதான் என்று வேங்கடவரதன் விதி எழுதியிருந்தார். உடைமையாளர் ஒப்புக்கொள்ளாமல் ஓர் எழுத்துகூட மாறாதபடி கணினியில் அதற்குப் பூட்டும் போட்டிருந்தார்.

"அந்த வரியா?" என்றான் ஆனந்தன், டீயை ஊதிக்கொண்டே. "நான் வந்த முதல் நாளே பாத்தேன். எனக்கு முன்னாடி இருந்தவனும் பாத்தான். எல்லாருக்கும் தெரியும் பிரிசி."

"மேனேஜருக்கு?"

"அவருக்குத்தான் முதல்ல தெரியும். அவரோட பயிற்சி வகுப்புல தப்புக்கு உதாரணமா இதத்தான் காட்டுவாரு."

"அப்புறம் ஏண்ணா யாரும் சொல்லல?"

ஆனந்தன் அவளைக் கொஞ்சம் பரிதாபத்தோடு பார்த்தான். "நிலம் இருக்கறவன் சொன்னா, அடுத்த நிலத்துக்காரன் இவன் ஃபைல்ல பத்து தப்பு சொல்லுவான். நிலம் இல்லாதவன் சொல்லவே கூடாது. பேஜார் எதுக்கு? டீ ஆறுது, குடி."

ரிவ்யூவின் அடுத்த அமர்வில் பிரிஸ்கில்லாவின் முன்னால் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றில் 'ஏற்கிறேன்' என்றும் இன்னொன்றில் 'மகிழ்வோடு ஏற்கிறேன்' என்றும் எழுதியிருந்தது. அவள் எதையும் அழுத்தாமல் எழுந்து நின்றாள்.

"சார், ஒரு வரி தப்பா இருக்கு."

கூடத்தில் விரல்கள் நின்றன. வாரியத்தில் உட்கார்ந்தவர் பேசுவது இதற்கு முன் நடந்ததில்லை. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கல்வெட்டில் பார்க்கத் தமிழ்ச்செல்வி ஓடினார்.

வேங்கடவரதன் கோபப்படவில்லை. கோபப்படுவதைவிட மோசமான ஒன்றைச் செய்தார்: புன்னகைத்தார். "பாரும்மா, நீ கேள்வி கேக்கலை. உன் மனசுல பட்டதைச் சொல்றே. அதுக்கு நிலம் வேண்டாம். நிலத்துக்காரரையே கேட்டுடுவோம்."

கனடாவுக்குப் போன் போட்டார்கள். ஸ்ரீவத்சன் திரையில் வந்தார். தோளுக்குப் பின்னால் பனி பெய்துகொண்டிருந்தது.

"ஓ, அந்த வரியா? தெரியுமே. நான் கிளம்புற அவசரத்துல எழுதினது. திருத்தலாம்னுதான் இருந்தேன். ஆனா ஃபைல் முழுசா சரியாயிட்டா, வேலை முடிஞ்சதுன்னு என் பேரை எடுத்துடுவீங்களே. ஒரு குறை இருக்கிற வரைக்கும்தான் அது என் நிலம். ஆனாலும் இப்ப திறப்பு விழா வருதுங்கிறதால, பெரிய மனசு பண்ணி அந்த ஒரு வரியைத் தொட அனுமதிக்கிறேன்."

சபை அவருடைய பெரிய மனதைக் கைதட்டிப் பாராட்டியது. பனியும் அவரும் மறைந்தார்கள்.

திருத்தம் சின்னது. பூஜ்யமா என்று பார்க்கும் இடத்தில், 'இல்லை' என்னும் முத்திரையா என்று பார்க்க வேண்டும். அந்த முத்திரைக்குக் கணினி உலகம் முழுவதும் ஒரு பெயர் இருந்தது. தமிழில் சொன்னால் 'தோல்வி' என்று பொருள். அதன் மதிப்பு மைனஸ் ஒன்று. பிரிஸ்கில்லா அதை எழுதித் திரையில் காட்டினாள்.

வேங்கடவரதன் சோபாவில் நிமிர்ந்தார். "தோல்வியா?"

"அதோட பேரே அதுதான் சார்."

"வர்ற வாரம் திறப்பு விழா. சிறப்பு விருந்தினர் வர்றார். முதல்தடவையா பெட்டி உயிர் பெறப் போகுது. அதுக்குள்ள தோல்வின்னு எழுதி வெச்சு அனுப்பறதா? உங்க வீட்ல புது வீடு கட்டினா நிலைக்கதவுல இப்படி எழுதுவீங்களா?"

தங்கள் வீட்டுக்கு நிலைக்கதவு இல்லை என்று பிரிஸ்கில்லா சொல்லவில்லை.

பேர் வைக்கும் சடங்கு மதியம்வரை நடந்தது. 'தாமதம்' என்றார் ஒருவர். அது சோம்பலைக் குறிக்கும் என்று தள்ளினார்கள். 'பொறுமை' என்றார் இன்னொருவர்; அது பெண் பேர் மாதிரி இருக்கிறது என்றார்கள். கடைசியில் 'வெற்றி நிலுவை' என்ற பெயரை வேங்கடவரதனே முன்மொழிந்து வேங்கடவரதனே வழிமொழிந்தார். எல்லோரும் சாப்பிட எழுந்தபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு இரு. மதிப்பு என்ன போட்டிருக்கு? மைனஸ் ஒன்னா?" சுற்றிலும் பார்த்தார். "நாம எங்க உக்காந்திருக்கோம்? கல்யாண மண்டபத்துல. இங்க எத்தனை பேர் மொய் வெச்சிருப்பாங்க. யாராவது நூறுல ஒன்னு குறைச்சு வெச்சிருப்பாங்களா? நூத்தி ஒன்னுன்னுதானே வெப்போம். ஏன்? குறையக் கூடாது, வளரணும். அந்த மைனஸை எடுங்க. ப்ளஸ் போடுங்க."

"சார்" என்றாள் பிரிஸ்கில்லா. "மெமரி இல்லன்னா கெர்னல் மைனஸ் ஒன்னுதான் சொல்லும். நாம ப்ளஸ் ஒன்னான்னு பாத்துக்கினு இருந்தா, அது என்னைக்கும் வராது சார். பழைய தப்பே தேவலை."

"கெர்னல் அப்படிச் சொல்லுதுன்னா, அதுக்கு யாரும் நல்லதைச் சொல்லிக் குடுக்கலைன்னு அர்த்தம். நாம எப்படிப் பழகுறோமோ அப்படித்தான் அதுவும் பழகும். பாசிட்டிவா இரும்மா. உங்க பக்கத்து ஆளுங்ககிட்ட எனக்குப் பிடிக்காததே இந்த நெகட்டிவ்தான்."

உங்கள் பக்கத்து ஆட்கள் என்றால் யார் என்று யாரும் கேட்கவில்லை. கூடம் முழுவதும் அதைக் கேட்காமல் இருந்தது.

தமிழ்ச்செல்வி குனிந்து அவள் காதருகே சொன்னார். "அழுத்திடு பிரிஸ்கில்லா. ரிவ்யூ முடிஞ்சா இன்னைக்கே உன் நிரந்தர உத்தரவுக்குக் கையெழுத்து வாங்கிடறேன். முடியலைன்னா, உன்னை நீட்டிக்க விதியில இடமில்லைம்மா."

பிரிஸ்கில்லா திரையைப் பார்த்தாள். அவள் பெயரில் திறந்திருந்த அந்த வரியில், யாரோ மாற்றிப்போட்ட ப்ளஸ் குறி அழகாக, நேராக, சிலுவைபோல நின்றது. அம்மாவின் கால் விரல்கள் நினைவுக்கு வந்தன. பந்தி மேசைகளில் டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திறந்து, காலியாகி, மூடின. அவள் 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினாள். அவ்வளவு நேரம் யோசித்து அழுத்தியதால், அதை மகிழ்வோடு ஏற்றதாகக் கணினி பதிந்துகொண்டது.

கையெழுத்து அன்றைக்கு வாங்கப்படவில்லை. விழா முடியட்டும் என்றார்கள்.

திறப்பு விழா திருப்புலிவனத்தில் நடந்தது. துணை சுகாதார நிலையத்தின் முன்னால் ஷாமியானா போட்டு, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வந்த தாய்மார்களைக் கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று ஊசி போடாமல் உட்கார வைத்திருந்தார்கள். அங்கே நர்ஸ் ஷீபா. விழாவுக்கு முன்னால் அவள் பெட்டியைப் போட்டுப் பார்த்திருந்தாள். டாக்டர் தெளிவாகத் தெரிந்தார், பேசினார்.

ஆனால் வேங்கடவரதன் விழாவுக்கென்று பெட்டிக்குள் ஒரு வரவேற்புப் படம் வைத்திருந்தார். பெட்டியைப் போட்டதும் கல்வெட்டு, பானை, பானைக்குள் கைவிடும் வேங்கடவரதன், அவருடைய உரை எல்லாம் ஓடும். பெட்டி சின்னது. அதன் மெமரியில் பெரும்பகுதியை அந்தப் படமே எடுத்துக்கொண்டது.

சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்தினார். திரையில் வேங்கடவரதன் தோன்றினார். "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே..." என்று தொடங்கினார். அந்த நேரத்தில் டிரைவர் வெளியில் நின்றபடி, பணிவாக, தனக்கு மெமரி வேண்டும் என்று கேட்டது. இல்லை என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அது மைனஸ் ஒன்று என்றுதான் சொன்னது. யாரும் அதற்கு நல்லதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. டிரைவர் அந்த இல்லையை முகவரியாக எடுத்துக்கொண்டு வீடு கட்டப் புறப்பட்டது.

திரை நின்றது. வாயைத் திறந்தபடி, கண் பாதி மூடியபடி, வேங்கடவரதன் நின்றுபோனார். உரை முடிந்துவிட்டது என்று நினைத்து சிறப்பு விருந்தினர் கைதட்டினார். கூட்டமும் தட்டியது. திரையில் இருந்த வாய் மூடவில்லை. ஒரு குழந்தை அதைப் பார்த்து அழ ஆரம்பித்தது.

"சார், அந்தப் படத்த எடுத்துட்டா ஓடும் சார்" என்றாள் ஷீபா.

யாரும் அவளைக் கவனிக்கவில்லை. விருந்தினரின் கார் போன பிறகு அவளே படத்தை எடுத்துவிட்டுப் பெட்டியைப் போட்டாள். திரையில் டாக்டர் வந்தார். தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். மற்ற ஊர் நர்சுகளுக்கும் ஷீபா போனில் சொல்லிவிட்டாள். எல்லா ஊர்களிலும் படத்தை எடுத்துவிட்டார்கள்; எல்லா ஊர்களிலும் பெட்டி ஓடியது.

மறுநாள் மணமேடையில் விசாரணை கூடியது. வேங்கடவரதன் தழுதழுத்த குரலில் பேசினார்.

"நான் யாரையும் குறை சொல்ல விரும்பலை. வரலாறு நம்மைப் பாத்துக்கிட்டிருக்கு. கேள்வி ஒன்னுதான்: அந்த வரியைக் கடைசியாத் தொட்டது யாரு?"

கணினியில் பார்த்தார்கள். பிரிஸ்கில்லாவின் பெயர் இருந்தது. கனடாவுக்குப் போன் போட்டார்கள். அந்தக் குறிப்பிட்ட வரியின் உடைமையைத் தான் முழுமனதோடு பிரிஸ்கில்லாவுக்கு விட்டுக்கொடுப்பதாக ஸ்ரீவத்சன் சொன்னார். மேலே இருக்கும் வரிகளும் கீழே இருக்கும் வரிகளும் தன்னுடையவையே என்றும் நினைவூட்டினார். நான்கு எல்லையும் சொல்லி, ஓலையில் எழுதி, வேங்கடவரதன் அதை அவள் கையில் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பழக்கம்.

"இன்னையிலிருந்து அந்த வரி உங்க சொந்தம். அதனோட குற்றமும்."

பிறகு தமிழ்ச்செல்வி விதியை வாசித்தார். நிலம் உள்ளவர் தற்காலிகப் பணியில் இருக்க முடியாது. குற்றம் உள்ளவர் நிரந்தரப் பணியில் இருக்க முடியாது. இரண்டும் ஒருவரே என்பதால் அவருக்கு இருக்க இடமே இல்லை.

பிரிஸ்கில்லா டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆனந்தன் டீக்கடை பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். இருவரும் ஆளுக்கொரு டீ குடித்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு இ-சேவைக் கடையில் உட்கார்ந்து ஊராருக்கு மனு அடித்துக் கொடுத்தாள். பாக்கியமேரி நாற்று நடப் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

நடவு முடிந்து பயிர் பச்சை கட்டிய சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து அம்மாவும் மகளும் அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார்கள். காலனித் தெருவுக்குள் ஒரு கார் நுழைய முடியாமல் முனையில் நின்றது. வேங்கடவரதன் இறங்கி நடந்து வந்தார். பின்னால் ஆனந்தன், வழி காட்டுவதற்காக.

"உள்ள வாங்க சார்" என்றாள் பாக்கியமேரி.

"பரவாயில்லைம்மா. இப்படியே நிக்கிறேன்."

"தண்ணியாவது குடிங்க."

"இப்பதான் குடிச்சேன்."

பாக்கியமேரி சொம்பும் கையுமாக அந்த வறண்ட உதடுகளைப் பார்த்தாள். ஆனந்தன் கையை நீட்டிச் சொம்பை வாங்கி, மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

வேங்கடவரதன் தொண்டையைச் செருமினார். "வெளிநாட்டிலேர்ந்து தலைமை நிர்வாகி வர்றார். திருப்புலிவனத்துப் பெட்டியைப் பாக்கணுமாம். படத்தோட பாக்கணுமாம். படம் போட்டா பெட்டி நின்னுடுது."

"படத்த எடுத்துட்டா ஓடும் சார்" என்றாள் பிரிஸ்கில்லா.

"அவர் வர்றதே படத்தைப் பாக்கத்தான். அந்த ஒரு குறியை மாத்தணும். மாத்தினா மெமரி கிடைக்காட்டியும் பெட்டி விழாது, படம் ஓடும். உடைமையாளர் ஒப்புதல் இல்லாம கணினி விடமாட்டேங்குது."

"பூட்டு போட்டது யாரு சார்?" என்று ஆனந்தன் பணிவாகக் கேட்டான்.

பிரிஸ்கில்லா தெருமுனையில் நின்ற காரைப் பார்த்தாள். "என்னை மறுபடி எடுத்துக்குவீங்களா சார்? நிரந்தரமா?"

"அது எப்படிம்மா? எடுத்தா, விசாரணை தப்புன்னு ஆயிடும். விசாரணை தப்புன்னா பானை தப்பு. பானை தப்புன்னா ஆயிரம் வருஷ வரலாறே தப்பு. ஒரு வேலைக்காக வரலாற்றைத் தியாகம் பண்ணச் சொல்றியா? நீ பெருந்தன்மையா ஒரு ஒப்புதல் குடு. ஸ்ரீவத்சன் குடுத்தார் பாரு, அந்த மாதிரி."

அவள் உள்ளே போனாள். பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கித் திறந்தாள். அப்பாவின் காகிதத்துக்கு மேலே ஓலை கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். தெருவில் கோழி ஒன்று குப்பையைக் கிளறியது. வேங்கடவரதனின் நெற்றியில் வேர்வை இறங்கியது. அவர் நிழலுக்குள் வரவில்லை. வாசற்படிக்கு அந்தப் பக்கம், வெயிலிலேயே நின்றார்.

"இன்னாடி யோசிச்சிக்கினு கீற?" என்றாள் பாக்கியமேரி. "குடுக்கறதுன்னா குடு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. மனுசன் கருகிக்கினு கீறாரு."

"இல்ல சார்" என்றாள் பிரிஸ்கில்லா. "எங்க வூட்ல இதுவரிக்கும் யாருக்கும் நிலம் கிடைச்சதில்ல. முதல்முறையா கிடைச்சிருக்கு. ஒரு வரின்னாலும் எதுக்கு வுடணும்?"

வேங்கடவரதன் வாயைத் திறந்தார். திறந்தபடியே, கண் பாதி மூடியபடி, வெயிலில் நின்றார். அவள் ஓலையைப் பெட்டியில் வைக்க உள்ளே போனாள்.